வாடகை வீட்டுச் சுவர், இரண்டே ஆணி, ஓட்டை விழுந்த சுளகு: என்ன செய்யலாம்?

செண்பகம் (தாம்பரம்)

அனைவருக்கும் வணக்கம். தாம்பரத்தில் இந்த வாடகை வீட்டுக்கு வந்து 4 மாதம் ஆகிறது. கூடத்தில் 10 அடி நீளச் சுவர் ஒன்று வெறுமையாகக் கிடக்கிறது. முன்பு குடியிருந்தவர்கள் அடித்த ஆணி இரண்டு, ஏறக்குறைய 5 அடி இடைவெளியில், ஒரே மட்டத்தில் இருக்கின்றன. மூன்றாவது ஆணி அடிக்கக் கூடாது என்று முன்பணம் வாங்கும்போதே வீட்டுக்காரர் சொல்லிவிட்டார். டிஸ்டம்பர் அடித்த சுவர். சாய்ந்தால் முதுகில் வெள்ளை ஒட்டுகிறது.

சென்ற மாதம் சங்கரன்கோவில் பக்கம் இருந்த அம்மாவின் வீட்டைக் காலி செய்தோம். அம்மா இப்போது எங்களோடு இருக்கிறார். அங்கிருந்து வந்த பொருள்களில் சில, என்ன செய்வதென்று தெரியாமல் பரணில் ஏறிவிட்டன. தானியம் புடைக்கும் சுளகு ஒன்று, ஓரத்தில் ஓட்டை விழுந்தது, மடிப்பு மடிப்பாக இற்றுவிட்ட அம்மாவின் கல்யாணப் பட்டு, 6 வருடத்துத் தினசரிக் காலண்டர் அட்டைகள், ஒரு டப்பா கண்ணாடி வளையல், கட்டுக் கட்டாகச் செய்தித்தாள். எதையும் வெளியே போட மனம் வரவில்லை.

கடைகளில் சுவரில் மாட்ட விற்கும் பொருள்களையும் போய்ப் பார்த்தேன். அழகாகத்தான் இருக்கின்றன. ஆனால் எதைப் பார்த்தாலும் வேறு யாரோ ஒருவர் வீட்டுச் சுவர் போலத் தோன்றியது. விலையும் எங்களுக்குக் கட்டுப்படியாகாது. 500 ரூபாய் வரை செலவழிக்க முடியும். 8 வயது மகள் கூடவே உட்கார்ந்து செய்யக் காத்திருக்கிறாள். எங்கிருந்து தொடங்கலாம்?

நெய்தல் (தூத்துக்குடி)

சுளகை முதலில் கையில் எடுங்கள் அக்கா. மஞ்சள், சிவப்பு என இரண்டு சிறிய எனாமல் டப்பா போதும். நடுவில் வட்டமாகக் கண்ணாடிச் சில்லுகள், ஓரத்தைச் சுற்றி வளையல்கள். வளையலுக்குக் கம்பளி நூலை நெருக்கமாகச் சுற்றிவிட்டு ஒட்டினால் நழுவாது. நூல் சுற்றாமல் வளையலை நேராக ஒட்டினால் ஒரு மாதத்தில் விழுந்துவிடும். போன பொங்கலுக்கு நான் இப்படி ஒன்று செய்தேன். ஒரே மாலையில் முடிந்தது, 150 ரூபாய்க்குள் ஆனது.

ஆச்சிவீடு (காரைக்குடி)

நெய்தல் தம்பி வருத்தப்படக் கூடாது. சுளகுக்கு எனாமல் அடிப்பதை என்னால் ஏற்க முடியவில்லை. மூங்கிலைப் பிளந்து, சீவி, ஒரு பட்டை மேலே ஒரு பட்டை கீழே என்று பின்னியவரின் கைவேலை அதில் இருக்கிறது. ஒரு பூச்சு எனாமல் விழுந்தால் பின்னலின் கண்கள் அடைந்துவிடும். பிறகு அது மூங்கிலா அட்டையா என்றே தெரியாது. அந்த வேலையை அட்டையிலேயே செய்துகொள்ளலாமே.

இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன். எங்கள் பக்கம் முறம் என்போம். நெல்லும் பருப்பும் புடைக்கிற பொருள். காலில் பட்டுவிட்டால் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொள்வோம். எங்கள் வீட்டில் பிறந்த குழந்தையை நெல் பரப்பிய முறத்தில் ஒரு நிமிடம் கிடத்திவிட்டுத்தான் தொட்டிலில் போடுவார்கள். அதைச் சுவரில் ஆணியறைந்து காட்சிக்கு வைப்பது, வேலையைப் பறிகொடுத்த ஆளைக் கூடத்தில் உட்கார வைத்து வேடிக்கை பார்ப்பது போல எனக்கு இருக்கிறது. ஓட்டை விழுந்ததை அடைக்க முடியும். அடைத்துப் பயன்படுத்துங்கள். சுவருக்கு வேறு எதையாவது தேடுங்கள்.

யாழினி (பருத்தித்துறை)

ஆச்சி சொன்னதில் பாதியை அப்படியே ஒப்புக்கொள்கிறேன். எனாமல் வேண்டாம். ஆனால் சுளகு சுவரில் இருக்கக் கூடாது என்பதை எப்படி ஏற்பது? அது வேறு எங்கே இருந்தது?

எங்கள் வீட்டுச் சுளகு பனையோலையில் இழைத்தது. அம்மம்மா அதை ஒரு நாளும் தரையில் விட்டதில்லை. புடைத்து முடிந்ததும் ஒரு தட்டுத் தட்டிக் குசினிச் சுவரில், அதாவது சமையலறைச் சுவரில், இருந்த மர முளையில் மாட்டிவிடுவார். பக்கத்தில் பிட்டு அவிக்கும் நீத்துப்பெட்டி, அதற்கு அடுத்து இடியப்பத் தட்டுகள் ஒன்றன்மேல் ஒன்றாக, மூலையில் கடகம் என்கிற ஓலைப்பெட்டி. புகை ஏறி எல்லாமே தேன் நிறத்தில் இருக்கும். அதை யாரும் அலங்காரம் என்று சொன்னதில்லை. ஆனால் எங்கள் வீட்டில் மிக அழகான சுவர் எது என்று என்னைக் கேட்டால் அந்தக் குசினிச் சுவரைத்தான் சொல்வேன்.

ஆகவே செண்பகம் அக்கா, சுளகை மாட்டுங்கள். ஆணி அறையாமல், ஓரத்து விளிம்பில் ஒரு நூல் வளையம் கோத்து, வேண்டும்போது கழற்றி எடுக்கும்படி மாட்டுங்கள். உங்களிடம் ஓலைப் பொருள்களும் இருந்தால், ஈரத் துணியால் துடைத்து நிழலில் காயவையுங்கள். வெயிலில் போட்டால் பழைய ஓலை நொறுங்கிவிடும்.

ரசமட்டம் (நாகர்கோவில்)

தச்சு வேலை செய்கிறேன். எதை மாட்டுவது என்பதை மற்றவர்கள் சொல்லட்டும். எப்படி மாட்டுவது என்பதை நான் சொல்கிறேன், ஏனென்றால் செண்பகம் அம்மாவின் சுவரில் அதுதான் முதல் சிக்கல்.

இருபக்கம் ஒட்டும் டேப்பும், ஒட்டிக்கொள்ளும் கொக்கியும் டைல்ஸ், கண்ணாடி, மைக்கா மேல் நன்றாக நிற்கும். டிஸ்டம்பர் சுவரில் நிற்காது. கொக்கி பெயின்டைப் பிடித்துக்கொள்ளும், பெயின்ட் சுவரைப் பிடிக்காது. ஒரு நாள் ராத்திரி கொக்கி, பொருள், உள்ளங்கை அகலப் பெயின்ட் மூன்றும் சேர்ந்து விழும். பிறகு முன்பணத்தில் கழிப்பார்கள்.

உங்களிடம் ஒரே மட்டத்தில் இரண்டு ஆணி இருப்பது பெரிய வசதி. 6 அடி நீளத்தில், கட்டைவிரல் பருமனில் நேரான மூங்கில் கழி ஒன்று வாங்குங்கள். கணுக்களில் உள்ள முள்ளை உப்புத்தாளால் தேய்த்து, துணியில் கொஞ்சம் தேங்காய் எண்ணெய் தொட்டுத் துடையுங்கள். இரு முனையிலும் அரையடி விட்டு நூல்கயிறு கட்டி, ஒவ்வொரு கயிற்றையும் அதற்கு நேரான ஆணியில் மாட்டுங்கள். ஒரே கயிற்றை இந்த முனையிலிருந்து அந்த முனைக்கு இழுத்துக் கட்டாதீர்கள். ஒரு பக்கம் பாரம் கூடினால் கழி சாயும். இனி எதைத் தொங்கவிட வேண்டுமானாலும் கழியில் கட்டுங்கள். சுவரைத் தொடவே வேண்டாம். மாற்ற நினைத்தால் முடிச்சை நகர்த்தினால் போதும்.

மாட்டும் முன் ஆணிகளைச் சோதியுங்கள். ஆணியில் ஒரு பையைத் தொங்கவிட்டு, அதில் 3 கிலோ அரிசி வைத்து ஒரு ராத்திரி விடுங்கள். சுவரிலிருந்து தூள் கொட்டினால் அந்த ஆணியை நம்பாதீர்கள். கழி மட்டமாக இருக்கிறதா என்று பார்க்க ரசமட்டம் இல்லாவிட்டால், பாதி தண்ணீர் உள்ள பாட்டிலைக் கழியின்மேல் படுக்க வைத்துப் பாருங்கள்.

உயரம் பற்றி ஒரு வார்த்தை. அருங்காட்சியகங்களில் படத்தின் நடுப்பகுதி தரையிலிருந்து 145 செ.மீ. அளவில் வரும்படி மாட்டுவது ஒரு வழக்கம். நின்றபடி பார்ப்பவருக்கு அது சரி. உங்கள் கூடத்தில் எல்லோரும் எங்கே உட்காருகிறீர்கள்? தரையிலா, நாற்காலியிலா? தரையில் என்றால் கயிற்றைத் தாராளமாக நீட்டிக் கீழே இறக்குங்கள். நம் வீடுகளில் பெரும்பாலும் படங்களை உத்தரத்துக்குப் பக்கத்தில் மாட்டி, கழுத்தை நிமிர்த்தியே பார்க்கப் பழகிவிட்டோம்.

செண்பகம் (தாம்பரம்)

ரசமட்டம் ஐயா, மிக்க நன்றி. கழி யோசனை எனக்குத் தோன்றவே இல்லை. பதில்களை எல்லாம் அம்மாவுக்கு வாசித்துக் காட்டினேன். யாழினி சொன்ன முளையைக் கேட்டதும், எங்கள் வீட்டிலும் அடுப்பங்கரைக் கதவுக்குப் பின்னால் சுளகுக்கென்று ஒரு மர முளை இருந்ததைச் சொன்னார். அம்மா முழங்கால் வலியோடும் தரையில் பாய் விரித்துத்தான் உட்காருகிறார், அதனால் கழி கீழேதான் வரும்.

செய்தித்தாளை வைத்து என்ன செய்யலாம் என்று யாராவது சொல்லுங்கள். சுருட்டிச் சுருட்டி ஒட்டிச் செய்யும் வேலைகள் நிறையப் பார்த்தேன். அது பிடிக்கவில்லை.

காவிரிக்கரை (கும்பகோணம்)

ஓய்வுபெற்ற ஆசிரியை நான். செய்தித்தாளுக்கு நம்மிடம் பழைய வழி ஒன்று இருக்கிறது மகளே. காகிதக் கூழ். என் பாட்டி காலத்தில் வீட்டுக்கு வீடு காகிதத்தையும் வெந்தயத்தையும் சேர்த்து அரைத்து, குடத்தைக் கவிழ்த்து அதன்மேல் அப்பி, கூடையும் தட்டும் செய்வார்கள். அரிசி போட்டு வைக்க, கொலுவுக்கு வெற்றிலை பாக்கு அடுக்க, எல்லாவற்றுக்கும் அதுதான். தஞ்சாவூர்த் தலையாட்டி பொம்மையில் உள்ள காகிதக் கூழும், காஷ்மீரில் மேலே பூவேலை தீட்டி விற்கும் பெட்டிகளும் இதே குடும்பம்தான். நம் வீட்டுப் பெண்கள் செய்தது மட்டும் கடைக்குப் போகவில்லை, அவ்வளவே.

செய்முறை சொல்கிறேன். 12 அங்குலத் தட்டு ஒன்றுக்கு 200 கிராம் செய்தித்தாள், அதாவது இரண்டு மூன்று நாள் தாள், 20 கிராம் வெந்தயம். வழவழப்பான வண்ண இணைப்புத் தாள்களை ஒதுக்கிவிடுங்கள், அவை கரையாது. தாளைக் கத்தரிக்காதீர்கள், கிழியுங்கள். கத்தரித்த ஓரம் மொண்ணையாக நிற்கும், கிழித்த ஓரத்தில்தான் நார் வெளிவரும். அந்த நார்தான் ஒன்றையொன்று பிடித்துக்கொண்டு தட்டாகிறது. உங்கள் மகளுக்கு இந்த வேலையைக் கொடுங்கள், குழந்தைகளுக்குக் கிழிக்க மிகவும் பிடிக்கும்.

3 நாள் ஊறட்டும். தினமும் தண்ணீரை மாற்றுங்கள், இல்லாவிட்டால் நாறும். வெந்தயத்தை முந்தைய இரவே தனியாக ஊறவைத்து, முதலில் அதை நுரைக்க அரைத்துக்கொள்ளுங்கள். பிறகு தாளைப் பிழிந்து போட்டு இரண்டையும் சேர்த்து அரையுங்கள். கிரைண்டர் நல்லது. மிக்சி என்றால் ஒரு கைப்பிடியும் நிறையத் தண்ணீருமாக, விட்டு விட்டு அரைக்க வேண்டும். கெட்டியாகப் போட்டால் மோட்டார் கருகிவிடும். அரைத்ததைத் துணியில் கட்டித் தண்ணீர் சொட்டாத அளவுக்குப் பிழிந்தால், சப்பாத்தி மாவு போலக் கையில் நிற்கும்.

வெந்தயம் எதற்கு என்று கேட்பீர்கள். அதன் கொழகொழப்பு பசையாக வேலை செய்கிறது, கசப்பு பூச்சியைத் தள்ளி வைக்கிறது. ஃபெவிகால் சேர்த்தாலும் தட்டு வரும். ஆனால் நான் சேர்ப்பதில்லை.

இப்போது வடிப்பது. பாட்டிமார் குடத்தின் வெளிப்புறத்தில் அப்பினார்கள். காயும்போது கூழ் சுருங்கும், சுருங்கிக் குடத்தை இறுக்கும், சமயத்தில் விரியும். கை பழகியவர்களுக்கு அது கைகூடும். புதிதாகச் செய்பவர்கள் தாம்பாளத்தின் உட்புறத்தில் அழுத்துவதே மேல். சுருங்கும்போது அதுவாகவே விட்டுக்கொண்டு வரும். தாம்பாளத்தில் ஈரமான மெல்லிய துணியை விரித்து, அதன்மேல் சுண்டுவிரலில் பாதிப் பருமனுக்கு ஒரே சீராக அழுத்துங்கள். நடுவில் கனமும் ஓரத்தில் மெலிவுமாக இருந்தால் முறுக்கிக்கொள்ளும். மேல் விளிம்பில் மாட்டுவதற்கு ஒரு துளையை ஈரமாக இருக்கும்போதே போட்டுவிடுங்கள்.

முதல் இரண்டு நாள் நிழலில். அதன்பிறகே வெயில். அவசரப்பட்டு மாடியில் வைத்தால் மேற்புறம் முந்திக் காய்ந்து அப்பளம் போல வளையும்.

காய்ந்த தட்டைத் தட்டிப் பாருங்கள். 'டொக்' என்று மரச்சத்தம் வர வேண்டும். மேற்பரப்பு சொரசொரப்பாக இருக்கும். புளியங்கொட்டையை வறுத்து, தோல் நீக்கி, ஊறவைத்து அரைத்துக் காய்ச்சிய பசையில் சாக்பீஸ் தூளைக் குழைத்து மெல்லப் பூசி, உப்புத்தாளால் தேய்த்தால் வழவழப்பாகிவிடும். தஞ்சாவூர் ஓவியப் பலகையைத் தயாரிக்க உதவுவதும் இத்தகைய பூச்சுதான். ஆந்திரத்துக் கொண்டபள்ளி மரப் பொம்மைகளில் புளியங்கொட்டைத் தூளையும் மரத்தூளையும் குழைத்து உறுப்புகளை ஒட்டுவார்கள். நாம் தூக்கிப் போடும் கொட்டைக்கு அத்தனை பிடிப்பு.

அதன்மேல் காவி பூசி வெள்ளைக் கோடுகளால் சிக்குக் கோலம் போட்டால் வேறு அலங்காரமே வேண்டாம். வட்டத் தட்டுக்கு நேர்ப்புள்ளி பொருந்தாது. நாலு மூலையும் வெளியே இடிக்கும். ஊடுபுள்ளியில் 7 தொடங்கி 4-இல் முடியுங்கள். மொத்தம் 37 புள்ளி. ஆறு மூலையாக வந்து வட்டத்துக்குள் அழகாக அடங்கும். புள்ளிக்குப் புள்ளி ஒன்றேகால் அங்குலம் விட்டால் 12 அங்குலத் தட்டில் விளிம்புக்கும் இடம் மிஞ்சும்.

பவழமல்லி (கடலூர்)

காவிரிக்கரை அம்மா சொன்ன வெந்தயத்தை யாரும் சாதாரணமாக எடுத்துக்கொள்ள வேண்டாம். நான் மைதாப் பசையில் தாளை அடுக்கடுக்காக ஒட்டி 7 தட்டுகள் செய்தேன். ஒரு மாதம் அத்தனை பேரும் பாராட்டினார்கள். ஐப்பசி மழையில் சுவரில் ஓதம் ஏறியது. பின்புறம் பச்சையாகப் பூசணம். அதை நான் கவனிக்கும் முன் இராமபாணப் பூச்சி ஓரங்களைச் சல்லடையாக்கிவிட்டது. மைதா அதற்கு விருந்து.

புத்தகம் கட்டுபவர்கள் மைதாப் பசையில் மயில்துத்தம் கலப்பார்கள், பூச்சி வராது. ஆனால் அது விஷம். வீட்டில் சின்னப் பிள்ளை இருக்கும்போது அந்தப் பக்கமே போகாதீர்கள். கோலத்துக்கும் அரிசிமாவு வேண்டாம், எறும்பு வரிசை கட்டும். சுண்ணாம்பைப் பசையில் குழைத்தோ வெள்ளைப் போஸ்டர் கலரிலோ போடுங்கள்.

தட்டின் முதுகு சுவரை ஒட்டிக்கொண்டு இருக்கக் கூடாது. நான்கு இடத்தில் பாட்டில் தக்கைத் துண்டை ஒட்டினால் காற்று போய்வரும். குளியலறையோடு ஒட்டிய சுவர், மழைச்சாரல் அடிக்கும் வெளிச்சுவர் இரண்டிலும் காகிதப் பொருளே வேண்டாம். செண்பகம், உங்கள் சுவர் எந்தப் பக்கத்துச் சுவர்?

செண்பகம் (தாம்பரம்)

படுக்கையறைக்கும் கூடத்துக்கும் நடுவில் உள்ள உட்சுவர். ஓதம் இல்லை. காலண்டர் அட்டைகளைச் சொல்ல மறந்துவிட்டோம். கெட்டியான அட்டை, மேலே மாட்டுவதற்கு வளையமும் இருக்கிறது. ஆனால் எல்லாவற்றிலும் சாமி படம். அதனால்தான் அம்மா இத்தனை வருடம் சேர்த்து வைத்திருக்கிறார். இவற்றின்மேல் பட்டுப்புடவையை வெட்டி ஒட்டலாமா?

தறிவீடு (காஞ்சிபுரம்)

வெட்டாதீர்கள். முதலில் ஜரிகையைப் பாருங்கள். நல்ல ஜரிகை என்றால் பட்டு இழையின்மேல் வெள்ளிக் கம்பி சுற்றி, அதன்மேல் பொன்முலாம் பூசியது. முந்தானையின் ஓரத்தில் ஒரே ஒரு இழையை நகத்தால் சுரண்டுங்கள். உள்ளே சிவப்புப் பட்டு தெரிந்தால் பெரும்பாலும் நல்ல ஜரிகை. அந்தப் புடவையை எடை போட்டு வாங்குகிறவர்கள் இருக்கிறார்கள், வெள்ளியைப் பிரித்தெடுப்பார்கள். விற்கச் சொல்லவில்லை. என்ன கையில் இருக்கிறது என்று தெரிந்துகொண்டு கத்தரியை எடுங்கள் என்கிறேன்.

வைத்துக்கொள்ள முடிவு செய்தால், பட்டுக்குப் பசை ஆகாது. கறை ஊறும், காய்ந்ததும் விறைத்து அந்த இடமே கிழியும். இற்றது மடிப்பில்தான், மடிப்புக்கும் மடிப்புக்கும் நடுவே பட்டு இன்னும் திடமாக இருக்கும். அந்தப் பகுதியைக் காடாத் துணியின்மேல் வைத்து, பட்டு நூலால் ஓரத்தில் சிறு தையல் போட்டு, காடாத் துணியை அட்டையின் பின்பக்கம் மடக்கி ஒட்டுங்கள். பசை காடாவில் மட்டும் படட்டும். படம் உள்ள பக்கத்தைப் பின்னால் வைத்துக்கொள்ளலாம், கிழிக்கவும் வேண்டாம், மூடவும் வேண்டாம். வெயில் நேராக விழும் இடத்தில் மட்டும் மாட்டாதீர்கள். பட்டின் சாயம் முதலில் போகும், பிறகு இழையே பொடியும்.

உங்கள் அம்மாவிடம் கேட்டீர்களா? அவருடைய கல்யாணப் புடவை.

செண்பகம் (தாம்பரம்)

கேட்டேன். ஒரு நாள் முழுக்கப் பதில் சொல்லவில்லை. மறுநாள் காலையில் அவரே முந்தானையை மட்டும் தனியாக எடுத்துக் கொடுத்துவிட்டு, மற்றதைத் திரும்பப் பெட்டியில் வைத்துவிட்டார். நகத்தால் சுரண்டினேன், உள்ளே சிவப்பு.

செண்பகம் (தாம்பரம்)

மூன்று வாரம் கழித்து எழுதுகிறேன். மன்னிக்கவும், காய்வதற்குக் காத்திருக்க வேண்டியிருந்தது.

முதல் தட்டு கெட்டுப்போனது. காவிரிக்கரை அம்மா அவ்வளவு தெளிவாகச் சொல்லியும் நான் இரண்டாம் நாளே மொட்டைமாடியில் வைத்துவிட்டேன். சொன்னது போலவே வளைந்துவிட்டது. ஆனால் வீணாகவில்லை. கிழித்து மறுபடி ஊறவைத்து அரைத்தால் அதே கூழ் திரும்ப வந்தது. இதை யாரும் சொல்லவில்லையே என்று வியந்தேன். முதல் முறையைவிட வழவழப்பாகவும் இருந்தது.

கடைசியில் மூன்று தட்டு செய்தோம். 12 அங்குலத்தில் ஒன்று, 9 அங்குலத்தில் இரண்டு. பெரியது 180 கிராம்தான் இருக்கிறது, ரசமட்டம் ஐயா பயந்த அளவுக்குப் பாரம் இல்லை. புளியங்கொட்டைப் பசை எனக்குச் சரியாக வரவில்லை, கட்டி தட்டிவிட்டது. அம்மாதான் உட்கார்ந்து வடிகட்டித் திரும்பக் காய்ச்சினார். மேலே காவி. கோலத்தை அம்மா பென்சிலால் போடவே மறுத்துவிட்டார். புள்ளி மட்டும் மகள் அளவெடுத்து வைத்தாள், அம்மா தூரிகையை ஒரே ஓட்டமாக ஓட்டினார். 37 புள்ளியையும் சுற்றி வந்து தொடங்கிய இடத்திலேயே கோடு முடிந்தபோது மகள் கத்திய கத்தலில் பக்கத்து வீட்டிலிருந்து எட்டிப் பார்த்தார்கள்.

சின்னத் தட்டு இரண்டையும் மகள் போட்டாள். கோடு நடுங்கியிருக்கிறது. அப்படியே விட்டுவிட்டோம்.

முந்தானையைத் தறிவீடு சொன்னபடி காடாவில் தைத்து, 2 காலண்டர் அட்டையைச் சேர்த்து ஒட்டியதன்மேல் கட்டினேன். வளையல்களைக் கடைசியில் பயன்படுத்தவில்லை. கூட்டம் அதிகமாகிவிடும் போலிருந்தது.

இப்போது சுளகு. ஆச்சி எழுதியது இத்தனை நாளும் மனத்திலேயே இருந்தது. கூழ் அரைக்கும்போது அம்மா ஒரு உருண்டையை எடுத்துச் சுளகின் ஓட்டையில் வைத்து அழுத்திக்கொண்டே, "ஊரில் புதுச் சுளகு வாங்கினால் இதைத்தானே பூசுவோம்" என்றார். காகிதமும் வெந்தயமும் அரைத்துச் சுளகின் கண்களை அடைப்பது, அப்போதுதான் குருணை நழுவாது. அது எனக்கு நினைவே இல்லை. தட்டுக்குச் செய்த அதே கூழ்! ஆனால் அச்சு மை உள்ள தாளை உணவுப் பொருளில் படவிடத் தயக்கமாக இருந்தது. அதனால் அந்த உருண்டையை எடுத்துவிட்டு, மகளின் பழைய நோட்டில் எழுதாமல் மிஞ்சிய தாள்களை மட்டும் தனியாக ஊறவைத்து அரைத்துப் பூசினோம். எனாமல் அடிக்கவில்லை. ஓட்டை இருந்த இடம் மட்டும் வெளிறித் தெரிகிறது.

செலவு: கழி 80, நூல்கயிறு 30, உப்புத்தாள் 20, வெந்தயம் 15, காவியும் வெள்ளைக் கலரும் 70, காடாத் துணி 60, தூரிகை 40. மொத்தம் 315 ரூபாய். அரிசிப் பையைத் தொங்கவிட்டு ஆணியைச் சோதித்ததில் வலது ஆணி கொஞ்சம் ஆடியது; வீட்டுக்காரரிடம் சொன்னேன், அவரே வந்து அதே துளையில் சரியாக அடித்துக் கொடுத்தார்.

கழியில் இடமிருந்து வலமாக முந்தானை, பெரிய தட்டு, சின்னத் தட்டு இரண்டு மேலும் கீழுமாக, கடைசியில் சுளகு. நடுப்பகுதி தரையிலிருந்து மூன்றரை அடியில் வருகிறது. அம்மா பாயில் உட்கார்ந்தால் கழுத்தை நிமிர்த்த வேண்டியதில்லை.

ரசமட்டம் (நாகர்கோவில்)

நன்றாக வந்திருக்கிறது அம்மா. மூங்கில் காய்ந்து லேசாக வளையும். இரண்டு மாதத்துக்கு ஒரு முறை கழியை அரைச் சுற்றுத் திருப்பிவிடுங்கள், நேராகவே நிற்கும்.

ஆச்சிவீடு (காரைக்குடி)

செண்பகம், வளையம் போட்டுத்தானே மாட்டியிருக்கிறாய்? எடுத்துப் புடைத்துப் பார்த்தாயா?

செண்பகம் (தாம்பரம்)

வளையம்தான் ஆச்சி. நேற்று உளுந்தில் கல் இருந்தது. அம்மா கேட்டார், கழற்றிக் கொடுத்தேன். ஒரு மணி நேரம் கழியில் அந்த இடம் காலியாக இருந்தது. மகள் பள்ளி விட்டு வந்ததும் அதைத்தான் முதலில் கேட்டாள். பாட்டி மடியில் இருப்பதைப் பார்த்துவிட்டுப் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டாள். எனக்கே ஒழுங்காகப் புடைக்கத் தெரியாது. தவிடு முகத்தில் அடிக்கும். அவள் கற்றுக்கொண்டிருக்கிறாள்.

நெய்தல் (தூத்துக்குடி)

நான் எனாமல் அடித்த சுளகை நேற்று இறக்கி வைத்துப் பார்த்தேன். ஆச்சி சொன்னது சரி, பின்னல் தெரியவே இல்லை. சுரண்டினால் மூங்கில் பட்டையும் உரிகிறது, அதனால் அதை அப்படியே விட்டுவிட்டேன். ஆனால் அம்மாவுடைய இன்னொரு சுளகு பரணில் இருக்கிறது, நடுவில் நான்கைந்து கண் விட்டுப்போனது. காவிரிக்கரை அம்மா, ஒரு சுளகுக்குப் பூச எவ்வளவு வெந்தயம் வேண்டும்?

காவிரிக்கரை (கும்பகோணம்)

ஒரு கைப்பிடி போதும் தம்பி. இன்று ராத்திரியே ஊறப்போட்டுவிடுங்கள். உட்புறம் மட்டும் பூசுங்கள், பின்னல் வெளியே தெரியட்டும்.